பிளாட்பாரத்தில் எழுதினால் குற்றமா?

2001 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து நடைபாதைகளில் மூன்று படங்கள் வரிசையாக முளைத்தன: ஒரு சமாதானச் சின்னம், ஓர் இதயம், ஒரு பென்குயின். யாரோ கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரியில் செய்த குறும்பு போலத்தான் இருந்தது. செய்தது ஐபிஎம் நிறுவனம். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்காக அது நடத்திய விளம்பரத்தின் ஒரு பகுதி இது. பென்குயின் லினக்ஸின் சின்னம். தானாகவே கரைந்துபோகும் சாக்பீஸ் என்று சொல்லி வரைந்தார்கள். கரையவில்லை. நகர நிர்வாகம் 1,00,000 டாலர் அபராதத்தோடு துடைத்த செலவையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. சிகாகோவில் இதே படங்களை வரைந்துகொண்டிருந்த ஒருவர் கைதானார்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நியூயார்க்கில் இதே மாதிரி ஒரு வேலை செய்தது. எம்எஸ்என் என்ற தன் இணையச் சேவையின் சின்னமான வண்ணத்துப்பூச்சியை மான்ஹாட்டன் நடைபாதைகளில் ஸ்டிக்கராக ஒட்டித் தள்ளியது. நகரம் போட்ட அபராதம் 50 டாலர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்டிக்கர்களைப் பிய்த்து எடுத்தது.

2012இல் சான் டியேகோவில் ஒரு தனிமனிதர், பெரிய வங்கி ஒன்றின் கிளைகளுக்கு வெளியே நடைபாதையில் வங்கியைத் திட்டி எழுதினார். குழந்தைகள் விளையாட வாங்கும் சாக்பீஸ், தண்ணீர் ஊற்றினால் போய்விடும். அவர்மேல் 13 குற்றச்சாட்டுகள் பதிவாயின. எல்லாம் நிரூபணமாகியிருந்தால் அதிகபட்சமாக 13 ஆண்டு சிறை.

மூன்றுமே ஊர்ச் சொத்தான நடைபாதையில், யாரிடமும் கேட்காமல் நடந்தவை. ஒன்றுக்கு லட்சம் டாலர், இன்னொன்றுக்கு ஐம்பது, மூன்றாவதற்குச் சிறை மிரட்டல். இதில் என்ன கணக்கு இருக்கிறது? கிராஃபிட்டி (அனுமதியில்லாமல் சுவரிலும் தெருவிலும் கிறுக்குவது), விளம்பரம், கருத்துரிமை ஆகியவற்றுக்கு நடுவே கோடு எங்கே போகிறது? இதைப் பற்றி அதிகம் வழக்காடிய நாடு அமெரிக்கா என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மூன்றும் தனித்தனிப் பெட்டிகள், ஓர் எழுத்து ஏதாவது ஒரு பெட்டிக்குள்தான் போகும் என்று நினைக்கிறோம். ஆனால் மூன்றும் வெவ்வேறு விஷயங்களைப் பற்றியவை. கிராஃபிட்டி என்று சொல்லும்போது எழுதப்பட்ட பரப்பைப் பற்றிப் பேசுகிறோம்: அது யாருடையது, எழுத அனுமதி இருந்ததா? விளம்பரம் என்று சொல்லும்போது நோக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்: எழுதியவர் எதையாவது விற்கப் பார்க்கிறாரா? கருத்துரிமை என்று சொல்லும்போது அரசைப் பற்றிப் பேசுகிறோம்: இந்த எழுத்தை அழிக்கவோ, எழுதியவரைப் பிடிக்கவோ அரசுக்கு என்ன காரணம் இருக்கிறது? ஆகவே ஒரே எழுத்து ஒரே நேரத்தில் மூன்றாகவும் இருக்கலாம்.

சிட்னி நகரத்தில் ஆர்தர் ஸ்டேஸ் என்று ஒருவர் இருந்தார். குடியில் விழுந்து, பிறகு கிறிஸ்தவப் பிரசங்கம் கேட்டு மனம் மாறியவர். 1932 முதல் 1967இல் சாகும்வரை, விடிவதற்கு முன் எழுந்துபோய், நடைபாதைகளில் சாக்பீஸால் ஒரே ஒரு சொல்லை எழுதிக்கொண்டே இருந்தார்: 'எடர்னிட்டி', அதாவது நித்தியம். சுமார் ஐந்து லட்சம் தடவை எழுதியிருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள். அனுமதி கிடையாது, ஆகவே கிராஃபிட்டி. மதப் பிரச்சாரம், ஆகவே கருத்து. ஒரு வகையில் பார்த்தால் விளம்பரமும்கூட, மோட்சத்துக்கான விளம்பரம். போலீஸ் அவரைப் பலமுறை நிறுத்திக் கேட்டதுண்டு. 2000ஆம் ஆண்டு புத்தாண்டு வாணவேடிக்கை முடிந்ததும் சிட்னி துறைமுகப் பாலத்தின்மேல் அதே கையெழுத்தில் அதே சொல்லை விளக்குகளால் எரியவிட்டார்கள். அனுமதியோடு, அரசுச் செலவில்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. தெருவும் பூங்காவும் அந்த உரிமைக்கு மிக முக்கியமான இடங்கள் என்று உச்ச நீதிமன்றம் 1939இலேயே, தொழிற்சங்கக்காரர்கள் நோட்டீஸ் விநியோகித்த ஹேக் வழக்கில், சொல்லிவிட்டது. தொன்றுதொட்டே மக்கள் கூடிப் பேசும் இடங்கள் அவை. அரசு அவற்றை மக்களுக்காக வைத்துப் பாதுகாக்கும் அறங்காவலர் மட்டும்தான் என்பது அதன் சாரம். நடைபாதையும் அப்படித்தான். உச்ச நீதிமன்றத்தைச் சுற்றி ஓடும் நடைபாதையில் பதாகை பிடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. 1983இல் அதே நீதிமன்றம், தன் வாசலிலேயே நடந்த அந்தச் சங்கதியில், அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த இடத்தில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நடைபாதையில் நின்று பேசும் உரிமை வேறு, நடைபாதையின்மேல் எழுதும் உரிமை வேறு. பொதுக்கூட்ட மைதானத்தில் பேச எனக்கு உரிமை உண்டு என்பதால், அங்கிருக்கும் மேடைத் தூணில் என் பெயரைச் செதுக்க உரிமை வந்துவிடாது. 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் இது நேரடியாகவே மோதியது. ஒரு தேர்தல் வேட்பாளரின் ஆதரவாளர்கள் மின்கம்பங்களில் அவருடைய பிரச்சார அட்டைகளைக் கட்டினார்கள். நகராட்சி கழற்றிப் போட்டது. தேர்தல் பேச்சைவிடப் புனிதமான பேச்சு அங்கே கிடையாது. அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றம் நகராட்சி பக்கம் நின்றது. ஊர் குப்பையாகத் தெரிவதைத் தடுப்பதே போதுமான காரணம். விதி எல்லா அட்டைகளுக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறது. வேட்பாளர் நோட்டீஸ் கொடுக்கலாம், வீடு வீடாகப் போகலாம், வேறு வழிகள் இருக்கின்றன என்றது.

சுருக்கமாகச் சொன்னால், எப்போது, எங்கே, எப்படி என்று அரசு விதி போடலாம். என்ன சொல்லலாம் என்று விதி போடக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படிக்க எளிது, நடைமுறையில் சிக்கல். ஒரு விதி எந்த வகை என்று கண்டுபிடிக்க 2015இல் ஒரு நல்ல சோதனை கிடைத்தது. அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்ற ஊரில், தேவாலயம் ஒன்று ஞாயிறு ஆராதனை எங்கே நடக்கிறது என்று சாலையோரம் பலகை வைத்தது. வழிகாட்டும் பலகை சின்னதாக இருக்க வேண்டும், நிகழ்ச்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஊர் விதி. அரசியல் பலகைக்கோ பெரிய அளவு, நீண்ட காலம். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் இது செல்லாது என்றார்கள். காரணம்: பலகையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தால்தான் எந்த விதி பொருந்தும் என்றே தெரிகிறது. படித்துத்தான் தண்டிக்க முடியும் என்றால், அங்கே உள்ளடக்கம்தான் தண்டிக்கப்படுகிறது. இந்த வழக்கை நான் யாருக்கு விளக்கினாலும் இந்த ஒரு வாக்கியத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் விளம்பரத்தை எப்படித் தனியாகப் பிரிப்பது? 'வாங்குங்கள்' என்று எழுதியிருக்கிறதா என்று அதையும் படித்துத்தானே பார்க்க வேண்டும்? ஆமாம். அதனால்தான் விளம்பரச் சட்டம் இவ்வளவு குழம்பிக் கிடக்கிறது. அதன் தொடக்கக் கதையே வேடிக்கையானது.

1940இல் கிரெஸ்டென்சன் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்சி நடத்திக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் கப்பலை நிறுத்தி, கட்டணம் கொடுத்துப் பார்க்க வாருங்கள் என்று தெருவில் நோட்டீஸ் கொடுத்தார். வியாபார நோட்டீஸ் தெருவில் கொடுக்கக் கூடாது, எதிர்ப்பு நோட்டீஸ் என்றால் கொடுக்கலாம் என்றது போலீஸ். மனிதர் யோசித்தார். நகராட்சித் துறைமுகத்தில் கப்பலை நிறுத்தத் தனக்கு இடம் தரவில்லை என்ற கோபம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. நோட்டீஸின் ஒரு பக்கம் கப்பல் விளம்பரம், மறுபக்கம் துறைமுகத் துறைக்குக் கண்டனம் என்று இரண்டையும் சேர்த்து அச்சடித்துவிட்டார். நம் ஊர்க்காரர் என்றால் 'கெட்டிக்காரன்' என்று கைதட்டியிருப்போம். 1942இல் உச்ச நீதிமன்றம் தட்டவில்லை. சட்டத்தை ஏய்க்கத்தான் கண்டனத்தை ஒட்டியிருக்கிறார் என்று சொல்லி, வெறும் வியாபார விளம்பரத்துக்கு முதல் திருத்தத்தின் பாதுகாப்பு கிடையாது என்று தீர்த்தது.

இந்தக் கறார் நிலை ரொம்ப நாள் தாங்கவில்லை. 1976இல், வர்ஜீனியா மாநிலத்தில் மருந்துக் கடைகள் மருந்து விலையை விளம்பரப்படுத்தக் கூடாது என்ற தடையை எதிர்த்து வழக்கு வந்தது. எந்தக் கடையில் மருந்து மலிவு என்பது ஏழை நோயாளிக்கு அன்றைய அரசியல் செய்தியைவிட முக்கியமாக இருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, விளம்பரமும் பேச்சுதான் என்றது. 1980இல் இன்னொரு வழக்கு அதன் அளவை வகுத்தது: விளம்பரத்துக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அரசியல் பேச்சுக்கு இருப்பதைவிடக் குறைவு. பொய் விளம்பரத்தை அரசு முழுதாகவே தடுக்கலாம். உண்மையான விளம்பரத்தையும் தகுந்த காரணம் இருந்தால், தேவைக்கு மிஞ்சாமல், கட்டுப்படுத்தலாம்.

ஆக, ஐபிஎம் பென்குயினைத் தண்டிப்பது எளிது. நடைபாதை அதன் சொத்து இல்லை, பணம் வைத்திருக்கிறது, விளம்பரப் பலகைக்கு வாடகை கொடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அபராதம் பாடம் புகட்டியதா என்றால் எனக்குச் சந்தேகம். லட்சம் டாலர் என்றாலும் நாடு முழுக்கச் செய்தியானதைக் கணக்கில் எடுத்தால் அந்த விளம்பரம் மலிவுதான். மைக்ரோசாஃப்ட் கட்டிய 50 டாலரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதையே ஒரு விளம்பர உத்தியாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அபராதத்தையும் பட்ஜெட்டில் ஒரு செலவாக எழுதிவிடுவார்கள். தனிமனிதருக்கு அந்த வசதி கிடையாது. ஒரே விதி, ஒருவருக்கு வாடகை, இன்னொருவருக்குச் சிறை.

இனி சான் டியேகோ. அங்கே வழக்கு நடந்த விதம்தான் சுவாரசியம். கருத்துரிமையைப் பற்றி ஜூரிகளிடம் பேசவே கூடாது என்று நீதிபதி அவருடைய வழக்கறிஞரைத் தடுத்துவிட்டார். நீதிபதியின் தர்க்கம் இதுதான்: குற்றச்சாட்டு சொத்துக்குச் சேதம் விளைவித்தது, என்ன எழுதினார் என்பது இதில் சம்பந்தமில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவில் குழந்தைகள் பாண்டிக் கட்டம் போட்டதற்காக யாரும் வழக்குப் போட்டதில்லையே? வங்கி புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை. 2013 ஜூலை 1ஆம் தேதி ஜூரிகள் 13 குற்றச்சாட்டிலிருந்தும் அவரை விடுவித்தார்கள். நகர மேயரே இந்த வழக்கை வீண் செலவு என்று முன்பே கண்டித்திருந்தார்.

சாக்பீஸ் சேதமா என்ற கேள்விக்கு எல்லா இடத்திலும் ஒரே பதில் இல்லை. பெர்க்லியில் நடந்த ஒரு வழக்கில் 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சாக்பீஸால் நடைபாதை சேதமாகும் என்று புத்தியுள்ள எவரும் நினைக்க மாட்டார் என்று சொன்னது. வேறு ஊர்களில் 'அசிங்கப்படுத்துவது' என்றாலே போதும், கழுவினால் போகுமா போகாதா என்பது பொருட்டில்லை.

அழுக்கை நீக்குவதும் குற்றமாகுமா? பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்துச் சுரங்கப்பாதை ஒன்றின் சுவர்கள் வாகனப் புகையால் கரி படிந்து கிடந்தன. 2006இல் அலெக்சாந்த்ரே ஓரியன் என்ற கலைஞர் இரவுகளில் துணியோடு போய், அந்தக் கரியைத் துடைத்துத் துடைத்தே மண்டையோடுகளை வரைந்தார். வரிசையாக நூற்றுக்கணக்கில். போலீஸ் வந்து பார்த்தது. பெயின்ட் இல்லை, சாக்பீஸ் இல்லை. சுவரைச் சுத்தம் செய்பவரை எந்தப் பிரிவில் பிடிப்பது? நிர்வாகம் கடைசியில் அந்தச் சுரங்கத்தைக் கழுவிவிட்டது. மாசைப் பற்றி அவர் சொல்ல வந்ததும் அதுதானே! பின்னாளில் விளம்பர நிறுவனங்கள் இந்த உத்தியைத் தூக்கிக்கொண்டன. எழுத்து வெட்டிய தகட்டை நடைபாதையில் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால், அழுக்குக்கு நடுவே கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரியும். 'நாங்கள் சுத்தம்தானே செய்தோம்' என்று சாதிப்பார்கள்.

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள வாஷிங்டன் நகரத்தின் இரண்டு வழக்குகள் போதும். இரண்டும் ஒரே சட்டம்: பொதுச் சொத்தில் எழுதுவதோ வரைவதோ கூடாது என்ற சட்டம். இரண்டிலும் எழுதியவர்கள் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள்.

முதல் வழக்கில், ஒரு மதபோதகர், 2009 ஜனவரியில் நடத்தவிருந்த போராட்டத்துக்காக, வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள தெருவில் சாக்பீஸால் எழுத அனுமதி கேட்டார். போலீஸ் மறுத்தது. அங்கே கூட்டம் போடுங்கள், பதாகை பிடியுங்கள், எழுத மட்டும் கூடாது என்றது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போலீஸ் செய்தது சரி என்றது. யாராயிருந்தாலும் எழுதக் கூடாது என்பதுதான் சட்டம். கருத்தைப் பார்த்து மறுக்கவில்லை.

பிறகு 2020 வந்தது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றதை அடுத்து, ஜூன் 5ஆம் தேதி, வெள்ளை மாளிகைக்குப் போகும் 16ஆவது தெருவில் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்', அதாவது கறுப்பின உயிர்கள் முக்கியம், என்று மேயரின் உத்தரவில் மஞ்சள் பெயின்டில் பிரம்மாண்டமாக எழுதினார்கள். இதில் சட்டச் சிக்கல் இல்லை. அரசு தன் சொத்தில் தன் கருத்தைச் சொல்லலாம். அதை 'அரசின் பேச்சு' என்பார்கள், அங்கே எல்லாத் தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஓரிரு நாளில் போராட்டக்காரர்கள் அதன் பக்கத்திலேயே, போலீஸுக்கான நிதியை வெட்டு என்று பொருள்படும் வாசகத்தை அனுமதியின்றி எழுதினார்கள். யாரையும் பிடிக்கவில்லை. ஊர் முழுக்க இப்படி எழுத்துகள் முளைத்தன. ஆகஸ்ட் 1ஆம் தேதி, கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் இருவர், பிறக்காத கறுப்பின உயிர்களும் முக்கியம் என்று நடைபாதையில் சாக்பீஸால் எழுதினார்கள். கைது!

அவர்கள் தரப்பு நகர நிர்வாகத்தின்மேல் வழக்குப் போட்டது. 2023இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. சட்டம் நடுநிலையானதுதான், ஆனால் அதை ஒரு தரப்பின்மேல் மட்டும் பிரயோகித்தார்கள் என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக இருக்கிறது, அது உண்மையானால் அது உரிமை மீறல் என்றது. லாஸ் வேகாஸில் போலீஸை விமர்சித்து எழுதியவர்களைப் பிடித்த வழக்கிலும் 2022இல் வேறொரு நீதிமன்றம் இந்தப் பக்கமே சாய்ந்தது. மற்ற பலர் சாக்பீஸால் எழுதியும் கைதாகவில்லை, இவர்கள் மட்டும் ஏன்?

கருத்தில் நான் அந்த இருவரோடு ஒத்துப்போகாதவன். ஆனாலும் 2023 தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எழுதிய பொருளையோ, பூசிய சாயத்தையோ பார்த்துக் கோடு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த விதியை மற்றவர்கள்மேல் எப்படிப் பிரயோகித்தார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

இந்தியாவில் வழித்தடம் ஏறக்குறைய இதேதான். 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது, 19(2) அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. விளம்பரத்தை இங்கும் முதலில் வெளியே நிறுத்தினார்கள். 1959இல் ஹம்தர்த் தவாகானா வழக்கில், வியாபார விளம்பரத்தைக் கருத்துரிமையாகப் பார்க்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. 1995இல், டெலிபோன் மஞ்சள் பக்கங்களைப் பற்றிய டாடா பிரஸ் வழக்கில், வியாபாரப் பேச்சும் உரிமைக்குள் வரும் என்று உள்ளே சேர்த்துக்கொண்டது.

நம் ஊர்த் தெருவில் இதைவிட விசித்திரமான ஒன்று தினமும் நடக்கிறது. வாசலுக்கு வெளியே உள்ள தெரு மாநகராட்சியின் சொத்து. அதில் காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவதற்கு யாரும் அனுமதி கேட்டதில்லை, கேட்கச் சொன்னதுமில்லை. 2019 மார்கழியில், டிசம்பர் 29ஆம் தேதி, சென்னை பெசன்ட் நகரில் சில பேர், பெரும்பாலும் பெண்கள், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலமாகப் போட்டார்கள். போலீஸ் சிலரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விட்டது. சொன்ன காரணம் கோலம் இல்லை; அனுமதியின்றிக் கூடியது. மறுநாளே கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலிலும், ஸ்டாலின் வீட்டு வாசலிலும் அதே வாசகம் கோலமாக விழுந்தது. அங்கே யாரும் போய்க் கேட்கவில்லை.

சுவருக்கு வந்தால் கதை இன்னும் பழையது. பொது இடங்களை விளம்பரங்களால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. தேர்தல் ஆணையமும் அரசுச் சுவரில் எழுதக் கூடாது, தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயர் போட்டு, சுவரைப் 'பிடித்து' வைப்பார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டார்களா என்பது அந்த வட்டச் செயலாளர் யார் என்பதைப் பொறுத்தது. தேர்தல் தேதி அறிவித்ததும் அதிகாரிகள் வாளியும் பிரஷுமாக வந்து அரசுச் சுவர்களில் உள்ளதையெல்லாம் வெள்ளையடித்து மறைப்பார்கள். சட்டம் வருஷம் பூராவும் இருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வருவது அந்தச் சில வாரங்களுக்குத்தான்.